பதிவழிப்பும் வாய்மையும்

கைது என்பது குற்றத்தீர்ப்பு அன்று. ஐயத்தின் பேரில் அரசு மேற்கொள்ளும் செயல். ஆயினும் வழக்கு நிற்காமற்போன பின்னரும் கைதுப் பதிவு நிலைத்து நின்று, வேலையும் குடியிருப்பும் தேடுவோரைப் பின்தொடர்கிறது. இதனைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் பலவும் பதிவழிப்புச் சட்டங்களை இயற்றியுள்ளன. விண்ணப்பம் இன்றியே பதிவுகள் தாமாக மூடப்பெற வழிவகுத்த மாநிலங்களுள் ஒன்று பென்சில்வேனியா (2018).

இவற்றுள் கனெக்டிகட் மாநிலச் சட்டம் அறவியல் நோக்கில் தனித்துக் கருதத்தக்கது. அரசுத் தரப்பு தொடராது கைவிட்ட வழக்கின் பதிவு 13 மாதங்களுக்குப் பின் அழிக்கப்படுகிறது. அவ்வாறு அழிக்கப்பட்டபின், உரியவர் கைது செய்யப்படவே இல்லை என்று கொள்ளப்படுவார். அவ்வாறே ஆணையிட்டும் கூறலாம் என்கிறது சட்டம். பதிவை மறைத்தல் ஒன்று; நிகழ்ந்ததை நிகழவில்லை என ஆணையிட இசைவளித்தல் முற்றிலும் வேறொன்று.

இச்சட்டத்தைத் துணைக்கொண்டு ஒருவர், தம் கைது பற்றிய பழைய செய்திகள் பொய்யாகிவிட்டன என்று செய்தி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார். 2015இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. சட்டம் அவருடைய சட்டநிலையை மாற்றுமேயன்றி நடந்த வரலாற்றை மாற்றாது என்பது அதன் முடிபு. ஆக, கைதானார் என்னும் செய்தியும் உண்மை; இல்லை என அவர் ஆணையிடுவதும் குற்றமன்று.

திருக்குறளின் வாய்மை அதிகாரம் தீங்கின்மையை வாய்மைக்கு அளவுகோலாக வைக்கிறது. அவ்வளவில் இவ்வாணை பொய்யாகாது எனலாம். ஆனால் தான் அறிந்ததற்கு மாறாகப் பேசுவோனை அவன் மனமே வருத்தும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. அவ்வருத்தத்தை இங்குச் சுமப்பவர் யார்? ஐயுற்றதும் கைது செய்ததும் பதிந்ததும் அரசு. மாற்றிச் சொல்ல வேண்டியவர் மட்டும் குடிமகன்! தான் தொடங்கி இடையில் விட்ட செயலின் சுமையை அரசு அவர் நாவின்மேல் ஏற்றிவிடுகிறது.

வினவுவோரைத் தடுத்தலே நேரிய வழி. கனெக்டிகட் சட்டம் அதனையும் செய்யாமலில்லை. அழிக்கப்பட்ட கைதைத் தெரிவிக்குமாறு வேலையளிப்போர் வற்புறுத்தலாகாது. எனினும் தடையை மீறி வினா எழும்போது மௌனமே ஒப்புதலாகிவிடும். அந்நிலையில் 'இல்லை' என்னும் ஒரு சொல்லன்றி எளியவருக்கு வேறு காப்பில்லை. அந்த அளவுக்கே இவ்விசைவு அறத்தொடு பொருந்துவதாகும்.

அயல்நாட்டினராய்ப் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை கோருவோருக்கோ இக்காப்பும் இல்லை. கூட்டாட்சி அரசின் விண்ணப்பப் படிவம் அழிக்கப்பட்ட கைதுகளையும் கேட்கிறது. இல்லையென ஆணையிட மாநிலம் இசைந்த அதே கைதை, அங்கு உண்டெனச் சொல்லி அவர் ஆணையிட்டாக வேண்டும்.