எழுதாத நிபந்தனை

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பதிவாகும் தான செட்டில்மெண்ட் பத்திரத்தில், அதாவது உரிமையாளர் உயிரோடிருக்கும்போதே விலை ஏதும் பெறாமல் குடும்பத்தாருக்குச் சொத்தை மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில், மகன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் எழுதிக் கொடுப்பதாக ஒரு தொடர் வழக்கமாக இடம்பெறும். கிரயப் பத்திரத்தில் தொகை நிற்கும் இடத்தில் இங்கே அன்பு நிற்கிறது. பத்திர எழுத்தருக்கு அது வெறும் வாய்பாடு. பட்டா மாறி, சில ஆண்டுகளில் மகன் சோறு போட மறுக்கும்போது, அந்த வாய்பாட்டை நிபந்தனையாகக் கொண்டு கொடுத்ததைத் திரும்பப் பெறுவது அறமா என்ற கேள்வி எழுகிறது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அறுபது வயது நிறைந்தவர் தம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அதை மீறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதி அதைச் செல்லாதென அறிவிக்கலாம் என்கிறது. அறிவிக்கும் தீர்ப்பாயம், தமிழ்நாட்டில் கோட்டாட்சியர், அதாவது ஊரார் சொல்லும் ஆர்.டி.ஓ. 2022 டிசம்பரில், அத்தகைய நிபந்தனை இருந்ததாகக் காட்டினால்தான் இப்பிரிவு பொருந்தும் என்ற உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில், முதியோர் நலனுக்கான சட்டத்தை இறுக்கமாகப் படிக்கலாகாது என்றது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், பத்திரத்தில் எழுதியிராவிட்டாலும் அன்பே உள்ளுறை நிபந்தனைதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு நடைமுறை வாழ்வை அறிந்த தீர்ப்பு என்றே கொள்ள வேண்டும். வைகைக் கரை ஊர்களில் நஞ்சையை மகனுக்கு எழுதி வைக்கும் தகப்பன், 'கடைசிவரை கஞ்சி ஊத்துவான்' என்ற எதிர்பார்ப்பில்தான் எழுதுகிறார் என்பது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுபவருக்கும் தெரியும். அதைப் பத்திரத்தில் எழுதச் சொன்னால் பெற்ற பிள்ளையையே நம்பவில்லை என்றாகிவிடும் என்ற கூச்சத்தால்தான் அது எழுதப்படுவதில்லை. எழுத்தில் இல்லாதது இல்லவே இல்லை என்று சட்டம் சொல்லுமானால், முன்யோசனையோடு எழுதி வாங்கியவர் தப்பிக்க, நம்பிக் கொடுத்தவர் மட்டுமே தண்டிக்கப்படுவார்.

ஆயினும் மறுபக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மனைக்கு விலை ஏறியபின் இன்னொரு பிள்ளையின் தூண்டுதலால் மனு கொடுக்கும் பெற்றோரும் இருக்கலாம். தீர்ப்பாயத்தின் விசாரணையோ சுருக்கமானது; 17-ஆம் பிரிவு வழக்கறிஞர்களை விலக்குகிறது; 16-ஆம் பிரிவின் வாசகம் மேல்முறையீட்டு உரிமையை மூத்த குடிமக்களுக்கும் பெற்றோருக்கும் மட்டுமே தருவதால், தென்மாவட்டத்து மகன் ஒருவன் ரிட் மனுவோடு, அதாவது அதிகாரியின் ஆணையை நேரடியாக எதிர்க்கும் மனுவோடு, உயர் நீதிமன்றத்தின், 2004 முதல் இயங்கும் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருக்கிறது. புறக்கணிப்பு உண்மையிலேயே நடந்ததா என்பதைத் துருவி விசாரிக்காமல், அன்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பத்திரத்தை ரத்துச் செய்வது, முதுமைக்குச் செய்யும் நீதியாகாது.

நாகப்பட்டின வழக்கில் இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. எழுதி வாங்கிய மகன் இறந்துவிட்டார். கவனிக்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர் மருமகள். இச்சட்டம் பிள்ளைகள் என்று வரையறுப்போரில் மருமகள் இல்லை, அவர் எந்த வாக்கும் கொடுத்தவரும் அல்லர். எனினும் வாக்கோடு வந்த வீட்டை வைத்துக்கொண்டு வாக்கை மட்டும் கணவனோடு புதைத்துவிட அவருக்கும் நியாயம் இல்லை. கடமை இங்கே ஆளைத் தொடரவில்லை, சொத்தைத் தொடர்கிறது. வழக்கின் ஓரத்தில் அந்த மூதாட்டியின் மகள்கள் மூவர் நிற்கிறார்கள்; ஒரே மகனுக்கு என்று எழுதப்பட்ட பத்திரத்தில் அவர்களுக்குப் பங்கில்லை, அன்பினால் என்ற தொடரிலும் அவர்கள் பெயர் இல்லை. ரத்தானபின் சொத்து தாயின் பெயருக்கே திரும்புகிறது. அடுத்த பத்திரத்தை அவர் யாருக்கு எழுதுவார் என்பதை எந்தக் கோட்டாட்சியரும் கேட்கப் போவதில்லை.