அனுமதி வேறு, முத்திரை வேறு

ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழ் கற்பித்த யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை, வள்ளலார் இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று அழைக்கக் கூடாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடைதோறும் வாதிட்டார். பூசல் நீதிமன்றம் வரை போனது. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போன மாணவர் திரு.வி.க. தேர்வு எழுத முடியாமல் பள்ளிப்படிப்பையே இழந்தார். அந்தப் பூசலின் அடியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. தலைமுறைகள் பல சேர்ந்து எழுப்பிய ஒரு பக்தி உலகில் புதிதாகப் பாடிச் சேர்க்க ஒருவர் யாரிடம் அனுமதி பெற வேண்டும்? சேர்த்தது தரமானதா என்று தீர்ப்பது யார்? இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்பிக்கொண்டதுதான் அன்று நடந்த தவறு என்பது என் வாதம்.

பூசலின் வேர் இன்னும் பழையது. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் வள்ளலாரின் பாடல்களைத் தொகுத்து, திருவருட்பா என்று பெயரிட்டு, திருமுறைகளாகப் பகுத்து அச்சிட்டார். சைவப் பதிப்பாசிரியர் ஆறுமுக நாவலரைச் சீண்டியது இந்தப் பெயரும் பகுப்பும்தான். நாவலரின் அச்சத்தில் நியாயம் இருந்தது. அச்சகம் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட காலம். பிழை மலிந்த ஏடுகள் புனித நூல்களாக உலவின. பாதிரிமார் சைவத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தனர். பிழையற்ற பதிப்புக்காக வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் எல்லை வகுக்க விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் அந்த எல்லை என்றுமே அசையாததாக இருந்ததில்லை. நம்பியாண்டார் நம்பி தொகுத்ததாக மரபு சொல்லும் சைவத் திருமுறை வரிசையில் சேக்கிழாரின் பெரியபுராணம் பின்னால் வந்து பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்ந்தது. சேக்கிழாருக்குத் திறந்த கதவு இனி எவருக்கும் திறக்காது என்பதற்குக் காலம் கடந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் காட்டப்படவில்லை.

இதே சிக்கல், பலர் கூடிக் கற்பனை உலகங்களைக் கட்டும் இன்றைய விளையாட்டுகளிலும் எழுந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் உரிமையாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000இல் அதன் விதிகளை எவரும் எடுத்து வளர்க்கத் திறந்த உரிமம் தந்தது. 'டி20' என்ற சின்னத்துக்கு மட்டும் தனி உரிமம் வைத்தது. 2003இல் ஆபாசம் குறித்த சர்ச்சை வந்தபோது தர நிபந்தனைகளைச் சின்னத்தின் மீதுதான் சுமத்தியது; விதிகள் திறந்தே இருந்தன. அந்த நிறுவனமே 2023 ஜனவரியில் பழைய அனுமதியைத் திரும்பப் பெற முயன்றதும் எதிர்ப்பு வெடித்தது. அதே மாதம் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சின்னம் என்ற முத்திரையைத் தன்னிடம் வைத்துக்கொண்டபோது கிடைத்த இசைவு, அனுமதியைப் பறிக்கப் போனபோது கிடைக்கவில்லை.

புனிதப் பாடலை விளையாட்டோடு ஒப்பிடலாமா என்று ஒரு பக்தர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, மனிதர் உயிராய்ப் பற்றியிருக்கும் சொற்களை விளையாட்டு விதிகளோடு நானும் சமமாக வைக்கவில்லை. ஆனால் புனிதத்துக்கும் முத்திரை போதும். சிவாலயங்களில் ஓதுவார் பாடும் பஞ்சபுராணம் இன்றும் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற ஐந்திலிருந்துதான் வருகிறது. அருட்பா ஊரெங்கும் ஒலிப்பதால் அந்த முறை கலையவில்லை. எல்லோரும் நுழைந்தால் பதர் பெருகாதா என்பது இன்னும் கடினமான கேள்வி. பெருகும். ஆனால் வாசலை அடைத்தால் பதரோடு நெல்லும் வெளியே நிற்கும். வள்ளலாரின் பக்கம் நின்று அந்தச் சைவப் பூசலில் வாதாடியவர் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் என்ற இஸ்லாமியப் புலவர். அனுமதிச் சீட்டு கேட்டிருந்தால் அவருக்கு அந்த மேடையே கிடைத்திராது.

பதரைப் பிரித்தவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர், பதிப்பாசிரியர்கள். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை மூலச்சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கிப் பன்னிரண்டு பகுதிகளாகத் திருவருட்பாவைக் கொண்டுவந்தார். 1972இல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால வரிசையில் அமைத்தார். எது வள்ளலாருடையது, எந்தப் பாடம் சரி என்று இன்று ஒருவர் கேட்டால் எடுத்துக் காட்டுவது இந்தப் பதிப்புகளைத்தான், எந்தத் தீர்ப்பையும் அல்ல. ஆசிரியருக்காகச் சாட்சி சொல்லப் போன திரு.வி.க.வும் பின்னாளில் இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்று வள்ளலாரைப் போற்றியே நூல் எழுதினார். அதற்கு அவர் யாருடைய அனுமதியையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.