பச்சை இழந்த பாசிகள்

தேங்கிய குட்டை நீரைப் பச்சையாக்கும் உயிரிகளில் யூக்ளினாவும் ஒன்று. ஒரே செல், நீளம் சுமார் 50 மைக்ரான். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் உள்ளே பத்துக்குச் சற்று முன்பின்னாகப் பசுங்கணிகங்கள், முன்முனையில் செம்மஞ்சள் கண்புள்ளி, நீந்துவதற்கு ஒரு கசையிழை. வெளிச்சம் இருந்தால் ஒளிச்சேர்க்கை செய்யும். இல்லாவிட்டால் நீரில் கரைந்த எத்தனால், அசிட்டேட் போன்றவற்றை உண்டு பிழைத்துக்கொள்ளும். பச்சை போனாலும் சாகாத உயிர் என்பதால், பசுங்கணிகம் எப்படிக் கெடுகிறது, எப்படித் திரும்புகிறது என்று ஆராய இதைவிட வாய்ப்பான உயிரி அரிது.

யூக்ளினா கிராசிலிஸ் இனத்தை இருட்டில் உணவுக் கரைசலில் தொடர்ந்து வளர்த்தால் வெளிறிப்போகும். பச்சையம் உருவாகும் பாதையில் ஒரு படிக்கு ஒளி கட்டாயம் தேவை. அது கிடைக்காதபோது அடுக்கடுக்கான உட்சவ்வுகள் மறைந்து, பசுங்கணிகம் சிறிய முன்கணிகமாகச் சுருங்குகிறது. மீண்டும் வெளிச்சத்தில் வைத்தால் முதல் சில மணி நேரம் பச்சை மெல்லத்தான் ஏறும். பிறகு வேகம் பிடித்து, ஏறத்தாழ 72 மணி நேரத்தில் பசுங்கணிகம் முழு உருப்பெறும். இங்கே நின்றது வேலை மட்டுமே, கணிகத்தின் டி.என்.ஏ. அப்படியே இருந்தது.

நிறம் மாறுவதெல்லாம் இழப்பும் அல்ல. ஹீமட்டோகாக்கஸ் என்ற பச்சைப்பாசி, கடும் வெயிலும் நைட்ரஜன் பற்றாக்குறையும் சேர்ந்தால் ரத்தச்சிவப்பாகிவிடும். அஸ்டாசாந்தின் என்ற நிறமி எண்ணெய்த் துளிகளில் சேர்ந்து பச்சையத்தை மறைக்கிறது. நல்ல சூழல் வந்தால் பாசி மறுபடி பச்சையாகும்.

திரும்பாத இழப்பை 1948இல் ப்ரோவசோலி, ஹட்னர், ஷாட்ஸ் ஆகிய மூவர் எழுதினார்கள். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த கரைசலில் வளர்ந்த யூக்ளினா பச்சையை இழந்தது. மருந்தை நீக்கி, வெளிச்சத்தில் வளர்த்தும் அதன் வழித்தோன்றல்கள் வெளிறியவையாகவே இருந்தன. காரணம் பசுங்கணிகத்தின் பூர்வீகத்தில் இருக்கிறது. ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த சயனோபாக்டீரியாவின் வழிவந்தது அது. அதன் ரைபோசோம்கள் இன்றும் பாக்டீரியா வகையே. மருந்து அவற்றைப் பிடித்துக்கொள்கிறது, செல்லின் மற்ற ரைபோசோம்களை விட்டுவிடுகிறது. கணிகம் பெருகாமல் நிற்க, செல் மட்டும் பிரிந்துகொண்டே போகிறது. தலைமுறைதோறும் பங்கு குறைந்து, கடைசியில் கணிக டி.என்.ஏ. எதுவும் கிடைக்காத சந்ததி பிறக்கிறது. 34 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பமும் புற ஊதாக் கதிரும்கூட யூக்ளினாவை இப்படி வெளுக்க வைக்கும்.

ஆய்வகத்தில் நடந்ததை இயற்கை முன்பே செய்து பார்த்திருக்கிறது. யூக்ளினா லாங்கா என்ற நிறமற்ற உறவினத்திடம் கணிக டி.என்.ஏ. இன்னும் உண்டு, ஆனால் கிராசிலிஸிடம் சுமார் 1,43,000 கார இணைகள் இருக்க, இதனிடம் சுமார் 73,000தான். ஒளிச்சேர்க்கை மரபணுக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. பாலிட்டோமெல்லா என்ற பாசியில் கணிக டி.என்.ஏ.வே இல்லை, இருந்தும் வெறும் கணிகம் மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. கணிகத்துக்கு ஒளிச்சேர்க்கை தவிர வேறு வேலைகளும் உள்ளதால்தான், பச்சை போன பின்னும் செல்கள் அதைக் கைவிடுவதில்லை.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்திடமும் நிறமற்ற கணிகம் ஒன்று உண்டு. செம்பாசியிலிருந்து வந்த அது, ரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணிக்கு ஐசோபிரினாய்டு மூலப்பொருளைத் தருகிறது. அந்தப் பொருளை வெளியிலிருந்து கொடுத்தால், கணிகமே இல்லாமலும் ஒட்டுண்ணி பிழைப்பதை 2011இல் யே, டெரிசி இருவரும் காட்டினார்கள். டாக்சிசைக்ளின் என்ற மருந்து தாக்குவது இந்தக் கணிகத்தின் ரைபோசோம்களையே. மருந்துபட்ட ஒட்டுண்ணி உடனே சாவதில்லை. சேதம் அடுத்த தலைமுறையில்தான் வெளிப்படும். ஆகவேதான் மலேரியா சிகிச்சைக்கு டாக்சிசைக்ளினை மட்டும் தருவதில்லை. குயினைன் போன்ற வேகமான மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள்.