சேதாரம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு பாத்திரக்கடை. அம்மாவுக்குச் செப்புக்குடம் வேண்டும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடைக்காரர் குடத்தைத் தராசில் வைத்தார்.

"எடைக்குத்தான காசு? நகைக்கடை மாதிரி செய்கூலி, சேதாரம்னு எதையும் சேத்துராதப்பா" என்றார் அம்மா.

"செம்புல ஏதும்மா சேதாரம்!" என்று சிரித்தார் அவர்.

வீடு வந்த பிறகும் அந்தச் சொல் என்னை விடவில்லை. நிஜமாகவே சேதாரம் இல்லையா?

தாமிரத் தாதுவில் தாமிரம் மட்டும் இருப்பதில்லை. கந்தகம் இருக்கும், ஆர்சனிக், ஈயம் எல்லாம் கலந்திருக்கும். உருக்கும்போது சரியாகப் பிடித்து வைக்காவிட்டால் புகையாக, தூசியாக வெளியே போய்விடும்.

போய் எங்கே விழும்? பின்லாந்தில் ஹர்யவால்டா என்ற ஊரில் ஒரு தாமிர உருக்காலை. சுற்றியுள்ள காட்டில் விஞ்ஞானிகள் வருடக்கணக்காகச் சின்னப் பறவைகளைக் கவனித்தார்கள். ஈப்பிடிப்பான் குருவியின் முட்டை ஓடு மெலிந்திருந்தது. பல முட்டைகள் பொரியவில்லை. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து குருவிக்கு நத்தையிலிருந்து கிடைக்கிறது. மண் கெட்டதில் நத்தை குறைந்துபோனது. யாரும் குருவியைக் கல்லால் அடிக்கவில்லை. ஆனாலும் கூடு காலி. 1990-களில் ஆலைப் புகையைக் குறைத்தார்கள், குருவிகள் தேறின.

பின்லாந்து வரைக்கும் போவானேன்? ஸ்டெர்லைட் தாமிர ஆலை முதலில் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில்தான் வருவதாக இருந்தது. மாம்பழ விவசாயிகள் எதிர்த்ததில் 1993-ல் வேலை நின்றது. பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. பக்கத்திலேயே 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆலை நடக்க அனுமதித்தது. ஆனால் சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்கு 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே மாதம் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள் போயின. ஆலை மூடப்பட்டது. மூடியது மூடியதுதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, நாம் செம்பை விட்டோமா? வீட்டு ஒயர், மின்விசிறி மோட்டார், செல்போன்... எல்லாவற்றிலும் செம்புதான். எங்கோ ஓர் ஊரில் அது உருகிக்கொண்டிருக்கிறது. ரத்னகிரி வேண்டாம் என்றது தூத்துக்குடிக்கு வந்தது. தூத்துக்குடி வேண்டாம் என்றது எங்கே போயிருக்கும்? மனிதன் மறியல் செய்வான், வழக்குப் போடுவான். கடற்பசுவும் நத்தையும் யாரை வக்கீலாக வைக்கும்?

செம்பே வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. புகையை ஆலையிலேயே பிடிக்கலாம், அதற்குச் செலவாகும். அந்தச் செலவு சேர்ந்தால் குடத்தின் விலை கொஞ்சம் கூடும். அதைக் கொடுக்காமல் மிச்சம் பிடிக்கிறபோது, நம் பாக்கியைத்தான் குருவியின் கணக்கில் எழுதுகிறோம்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப சேதாரம் உண்டுன்னு சொல்லு. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?" என்றார்.

கொடுத்திருப்பாரா? பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசியவர் அவர். பக்கத்தில் நின்று நானும் ஒத்து ஊதிக்கொண்டிருந்தேன்.