நாற்பது ஆண்டுக் கடன்

கல்லில் நார் உரிக்கலாம் என்றால் கேட்பவர் நம்பமாட்டார். ஆயினும் சில பாறைகளின் பிளவுகளில் பட்டிழை போன்ற மெல்லிய நார் படிந்திருப்பது உண்மை. அது தீயில் எரியாது. நூலாக நூற்கலாம், சிமெண்டுடன் கலந்து தகடாக வார்க்கலாம். தமிழில் அதற்குக் கல்நார் என்று பெயர். ராயலசீமையின் புலிவெந்துலாப் பகுதி கல்நார்ச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. அதற்குத் தெற்கே, சித்தூர் மாவட்டத்துப் பலமனேரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாட்டுக் கொட்டகைக்கு மேலே கூரையாக நிற்பதும் இந்தக் கல்நார்த் தகடுதான்.

தகடு உடையாமல் இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும், ஆலையில் நார் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போதும் எழும் தூசியே ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத அந்த இழைகள் மூச்சோடு நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கிவிடுகின்றன. பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சில சமயம் நாற்பது ஆண்டு கழித்து நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. அல்லது புற்றுநோய் தோன்றுகிறது.

பலமனேரிலிருந்து இளமையில் பெருநகரம் ஒன்றின் தகடு ஆலைக்குச் சென்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். முப்பது ஆண்டு உழைத்து, பெண்களுக்குத் திருமணம் முடித்து, ஊர் திரும்பியவர். இப்போது கோவில் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காசநோய் மருந்து சாப்பிட்டும் குணமில்லை. இழப்பீடு கேட்கலாம் என்று பேரன் சொல்கிறான். பெரியவர் மறுக்கிறார். "முப்பது வருஷம் சோறு போட்டவர் மேல் வழக்கா? எல்லாம் என் தலையெழுத்து" என்கிறார்.

இந்தப் பதிலில் இரண்டு உயர்ந்த கருத்துகள் இருக்கின்றன: நன்றியறிதல் ஒன்று, வினைப்பயனை ஏற்கும் பொறுமை மற்றொன்று. இரண்டும் இங்கே பொருந்துமா என்பதே கேள்வி.

உப்பிட்டவரை மறக்கலாகாது, உண்மை. ஆனால் அவர் பெற்ற கூலி உழைப்புக்கு ஈடு. நுரையீரலையும் சேர்த்து விற்பதாக எந்த ஒப்பந்தமும் இல்லை. நன்றி ஒரு கணக்கு, கடன் வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க முடியாது. தலையெழுத்து என்ற சொல்லோ, யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே பொருள் தருகிறது. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவர் அதைச் சொன்னால் அது பக்குவம். தூசியை அடக்கும் செலவை மிச்சப்படுத்தியவர் அதையே சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

ஆலை நடத்தியவர்களுக்கும் தெரியாதே என்பார் உண்டு. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல், 33ஆவது வயதில் இறந்தார். நோய்க்குக் காரணம் தொழிலே என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். தொழிலால் வந்த நோய் என்பதால் நோய்க்காப்பீட்டுச் சங்கம் பணம் தர மறுத்தது; சட்டத்தின் பட்டியலில் இல்லாத நோய் என்பதால் ஆலையும் மறுத்தது. ஒரே சான்றிதழ் இரண்டு கதவுகளையும் மூடிவிட்டது! அவரது நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக் அதைப் பற்றி அதே ஆண்டில் மருத்துவ இதழில் எழுதினார். 1930இல் அரசு அறிக்கை வந்தது. 1931இல் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்குப் பிறகு உலகில் எங்கே கல்நார் ஆலை எழுந்தாலும், அறியாமை என்ற காரணம் செல்லாது.

நம் நாட்டில் அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் 1986இல் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலம், பணிக்காலத்திலும் ஓய்வுக்குப் பின்னும், வாழ்வுரிமையின் பகுதியே என்றது. நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2011இல் கல்நாருக்கு முழுத் தடை கோரிய மனுவை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. இறக்குமதி இன்றும் தொடர்கிறது.

1995 தீர்ப்பில் மற்றொரு கட்டளை உண்டு. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும். ஒரு லட்ச ரூபாயைவிட இதுவே ஆழமானது. புரோநோட்டு மூன்று ஆண்டில் காலாவதியாகிறது. ஆயினும் தந்தை வாங்கிய கடனை, நோட்டு காலாவதியான பிறகும், தேடிச் சென்று அடைக்கும் மகனை நம் கிராமங்கள் இன்றும் மதிக்கின்றன. முப்பது ஆண்டு கழித்து வெளிப்படும் நோயில், கடன்பட்டவர் ஆலையை விற்றிருப்பார், பெயரை மாற்றியிருப்பார். கடன் கொடுத்தவருக்கோ தாம் கொடுத்ததே தெரியாது. அந்நிலையில் அந்தக் கடனுக்கு இருக்கும் ஒரே நினைவு அந்தப் பதிவேடுதான். அதைத் தொலைப்பது, பெற்ற கடனை மறுப்பதற்குச் சமம்.

ஆகவே இழப்பீடு கேட்பதைப் பேராசை என்பது பொருந்தாது. கேட்பவர் தமக்கு மட்டும் கேட்கவுமில்லை; அவர் நின்ற இடத்தில் இன்று மூட்டை பிரிக்கும் இளைஞனுக்கு முகமூடியும் தூசி உறிஞ்சும் கருவியும் வருவதற்கு, அந்தக் கேள்வியே காரணமாகலாம்.

தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாஸினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பலமனேர்ப் பெரியவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. அவரது டிரங்குப் பெட்டியில், பழைய சம்பளச் சீட்டுகளுக்கும் வருங்கால வைப்புநிதி எண் எழுதிய தாளுக்கும் இடையே, ஈ.எஸ்.ஐ. அட்டை ஒன்று இருக்கக்கூடும். பேரன் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.