பதிவும் மெய்யும்: திறமூலத் தரவுத்தளங்களை அளக்கும் அளவை

ஒரு பதிவு அழியாமல் இருப்பதும் அது மெய்யாக இருப்பதும் ஒன்றல்ல. தருமபுரி மாவட்டத்து நடுகற்கள் பலவற்றில் பல்லவ அரசரின் ஆட்சியாண்டும் பூசலில் பட்ட வீரனின் பெயரும் வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டு கடந்தும் எழுத்து நிற்கிறது. கல்தச்சன் பெயரைப் பிழையாக வெட்டியிருந்தால் அந்தப் பிழையும் அதே உறுதியோடு நிற்கும். தரவுத்தளத்தின் நம்பகமும் இவ்வளவே. கொடுத்ததைக் கொடுத்தபடி காக்கும். கொடுத்தது உண்மையா என்பது அதற்குத் தெரியாது.

காக்கிறது என்பதையாவது எதைக் கொண்டு நம்புவது? 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அறிவைத் தரும் அளவைகள் பலவற்றையும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானிப்பது), உரை (பிறர் சொல்லை ஏற்பது) என்ற மூன்றில் அடக்கினார். திறமூல மென்பொருளுக்காக வாதிடுவோர் காண்டலையே முன்வைப்பர்: நிரல் திறந்திருக்கிறது, யாரும் படிக்கலாம். திறமூலத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் நிரலோ பத்து லட்சம் வரிகளைத் தாண்டியது. படித்தவர் சிலரே, மற்றவருக்கு அது உரைதான்.

அந்த மென்பொருளும் பிறர் உரையை நம்பியே இயங்குகிறது. வட்டில் எழுதுவது தவறினால் லினக்ஸ் கருவகம் பிழையை ஒருமுறை சொல்லும். மறுமுறை கேட்டால், தரவு தொலைந்திருந்தும், வெற்றி என்றே சொல்லக்கூடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் அதை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நம்பியது. 2018-இல்தான் குட்டு வெளிப்பட்டது. 2019 முதல், பிழை என்று கேட்டதும் இயக்கத்தை நிறுத்தி, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பிலிருந்து தரவை மீட்கிறது. பிழை ஒளிக்கப்படாமல் எல்லாரும் பார்க்க விவாதிக்கப்பட்டதுதான் திறமூலத்தின் உண்மையான வலிமை.

2000-இல் பிறந்த எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் கருதலின் வழி செல்கிறது: சோதனைகளில் தவறாதது பயன்பாட்டிலும் தவறாது என்று கருதுவது. அதன் சோதனை நிரல் மூல நிரலைப் போல் சுமார் 590 மடங்கு என்கிறார்கள் அதை ஆக்கியோர். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும். ஒற்றைக் கணினியில் ஒருவர் எழுதும் பால் கூட்டுறவுச் சங்கக் கணக்குக்கு அதுவே போதும்.

மாவட்ட அளவிலான பதிவேடு வேறு. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன; அவற்றின் மாவட்டம் மட்டும் மாறியது. இப்படிப்பட்ட நேரத்தில் அட்டவணையின் அமைப்பையும் உள்ளிருக்கும் தரவையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகச் செய்யலாம்: முழுதும் நடக்கும், அல்லது எதுவும் நடக்காது. மற்றொரு திறமூலத் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே உறுதியாகிவிடும். இடையில் தடைபட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும். இணையதளங்களில் மைஎஸ்கியூஎல் நன்றாகவே உழைக்கிறது. அரூர், பென்னாகரம், பாலக்கோடு வட்ட அலுவலகங்கள் ஒரே நேரத்தில் எழுதும் நிலப் பதிவேட்டுக்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லே ஏற்றது.