சுவரும் ஓடும் சேருமிடம்

திருப்பூரிலே பனியன் பின்னும் பழைய ஓட்டுச் சாலைகளை யாம் கண்டுள்ளோம். ஐப்பசி மழையில் நூற்பொதி நனையின் முதலாளிக்கு நட்டம், தொழிலாளிக்குக் கூலியின்மை. ஒழுக்குப் பெரும்பாலும் ஓட்டினடுவிலன்று, ஓடு சுவரைச் சேருமிடத்தே பிறக்கும். சுவர் அசையாது நிற்க, ஓடு தாங்கும் மரச்சட்டம் மழையிற் பருத்தும் வெயிலிற் சுருங்கியும் அசைதலின், இடையிற் பூசிய சாந்து வெடிக்கும். புகுந்த நீர் சட்டத்தின் வழியே ஓடி வேறிடத்திற் சொட்டும். சொட்டுமிடத்தையே பூசுவார் காரணங் காணார். கைதேர்ந்த கொத்தனோ சுவரிற் காடி வெட்டித் தகட்டின் தலையைச் செருகி, அடிவிளிம்பை ஓட்டோடு பிணியாது அதன்மேற் படியவிடுவான்.

உயிரும் சத்துக்கும் அசத்துக்கும் இடைநிற்பதென்பது சிவஞானபோதம் 7-ஆஞ் சூத்திரத்தாற் பெறப்படும். சார்ந்ததன் வண்ணமாவது அதன் இயல்பு. அசையும் உலகோடு அதனை இறுகப் பிணிப்பின் துன்பம் ஒழுகும். ஆதலின், அசைவிலாத் திருவடியில் நம் தலையைச் செருகி, உலகின்மேற் பற்றின்றிப் படிந்து வாழ்வோமாக.